நாடக நூலை நடித்துப் படிக்கலாமே

“ட்ரையல் வருது. நாடகத்தை விடு, புத்தகத்தை எடு.” படிவம் 5 மாணவர் பலர் கேட்டிருக்கும் பேச்சு இது. பெற்றோரின் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தப் புத்தகமே ஒரு நாடகமாக இருந்தால்?

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்குப் பாடநூலாக வைக்கப்பட்ட ‘கவிச்சக்கரவர்த்தி’ கு. அழகிரிசாமி எழுதிய நாடகம். 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர் அவர். அவருடைய நாடகத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? கருப்பொருள், பாத்திரப்படைப்பு, உத்தி, படிப்பினை என்று நோட்ஸ், பிறகு மனப்பாடம். கம்பரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடும் பிள்ளை, அவர் பேசும் ஒரு வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லியிருக்காது.

ஒட்டக்கூத்தரை எடுத்துக்கொள்வோம். நோட்ஸில் அவருக்கு ஒரு பண்பு, ஒரு சான்று. அவர் வசனத்தைப் பேச வேண்டிய மாணவன் முதலில் கேட்பான்: “சார், இந்த எடத்துல இவரு கோபமா பேசுறாரா, மதிச்சுப் பேசுறாரா?” பதில் தேட முன்பின் காட்சிகளைப் புரட்டியாக வேண்டும். ‘சான்றுடன் விளக்குக’ என்று தேர்வுத்தாள் கேட்பது இந்த வேலையைத்தான்.

நாடகம் போடும் நம் பக்கமும் குறை உண்டு. விழாவுக்காக மாதக்கணக்கில் ஒத்திகை. இரண்டு பேருக்குப் பெரிய வேடம். மற்றவர்கள் திரை இழுக்கவும் நாற்காலி தூக்கவும். இதற்காகத் தேர்வு மாணவரின் மாலைநேரத்தைக் கேட்பது சரியல்ல.

ஒரு வழி சொல்கிறேன். வாரம் ஒரு காட்சி, பாடவேளையிலேயே, நூலைக் கையில் பிடித்தபடி நடிக்கட்டும். ஒப்பனை வேண்டாம். பாதியில் வேடத்தை மாற்றுங்கள். கடைசிப் பத்து நிமிடம் தாம் பேசிய பாத்திரத்தின் ஒரு பண்பை ஒரு சான்றோடு எழுதட்டும். முழு மேடையேற்றத்தைப் படிவம் 4-இலேயே முடித்துவிடலாம்.

அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கு 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்துக்காக மட்டும் நாடகத்தில் சேரச் சொல்கிறோம். தொண்ணூறுக்கும் அது உதவும் என்பதை மாணவருக்குக் காட்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைக்கு டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கத்தில் உண்டு. பள்ளி விட்டதும் டியூஷனுக்கு ஓடும் கிள்ளான் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு மேடை கிடைப்பது கஷ்டம்.

ஆசிரியர்களே, அடுத்த வாரப் பாடத்திட்டத்தில் ஒரே ஒரு காட்சிக்கு இடம் கொடுத்துப் பாருங்கள்.