உள்ளொலியும் இறைக்குரலும்

தியானத்தில் அமர்ந்த ஒருவர் தம் காதுக்குள் ஓர் ஒலி கேட்பதாகக் கூறி, அது ஆண்டவரின் குரல்தானா என்று வினவினால், போதகராகிய நாம் என்ன மறுமொழி கூறுவோம்? நம் சபையின் மூப்பர் ஒருவர் முன்பொருமுறை இக்கேள்வியுடன் நம்மிடம் வந்தார். மூச்சுப் பயிற்சியில் வண்டுபோல் ரீங்கரித்துப் பழகிய அவர், அமைதியில் மணியோசை கேட்டதாகச் சொன்னார். அது சாத்தானின் வஞ்சகம் என்று நாம் அவசரமாகத் தீர்ப்பளித்தோம். அதன்பின்னும் அவர் ஆராதனைக்குத் தவறாமல் வந்தார். தம் ஜெப வாழ்வைப்பற்றி மட்டும் நம்மிடம் மீண்டும் பேசவில்லை. அம்முறையின் மூலநூலைப் படியாமலே நாம் தீர்ப்பளித்துவிட்டோம். அந்நூலைப் பின்னர்க் கற்று அறிந்தவற்றை உடன் ஊழியர்முன் வைக்க விழைகின்றோம்.

அந்நூல், 15-ஆம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் வடமொழியில் இயற்றிய 'ஹடயோகப் பிரதீபிகை'. ஆண் வண்டின் ஒலிபோல் மூச்சை உள்ளிழுத்துப் பெண் வண்டின் ஒலிபோல் வெளிவிடும் 'பிராமரி' இதன் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. நான்காம் அதிகாரம் 'நாதானுசந்தானம்' எனும் உள்ளொலித் தியானத்தை விரித்துரைக்கிறது. தத்துவ ஞானம் எட்டாத கல்லாதாரும் பயிலத்தக்கது இது என்று ஆசிரியர் பரிந்துரைப்பது குறிப்பிடத்தக்கது. பயில்வோன் வலச்செவியில் மனத்தை நிறுத்துகிறான். முதலில் கடல், மேகம், முரசு ஆகியவற்றின் முழக்கமும், இடையில் சங்கு, மணி முதலியவற்றின் ஓசையும், முடிவில் குழல், வீணை, வண்டு ஆகியவற்றின் நுண்ணொலியும் கேட்கும் என்பது நூலின் கூற்று. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இத்தகைய ஒலிகள் பத்தினை எண்ணிக் காட்டுகிறார்.

இந்நூலின் நேர்மையை நாம் மதிக்கவேண்டும். கேட்கும் ஒலியைக் கடவுளின் செய்தி என்று அது கூறவில்லை. மனம் என்னும் மானைப் பிடிக்கும் வலையே நாதம். ஒலி உள்ளவரை ஆகாயம் என்னும் எண்ணம் உண்டு. ஒலியற்றதே பரம்பொருள் என்பது அதன் முடிவு. ஆகவே இவ்வொலியைப் 'பேய்க்குரல்' என்று பழிப்போரும், யோவான் நற்செய்தியின் 'வார்த்தை' இதுவே என்று புகழ்வோரும் இந்நூலைக் கல்லாதவர்களே.

உடலியலும் இங்கே துணைநிற்கிறது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் செவிக்குறையற்ற 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்தியபோது, 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். புறவொலி அடங்கினால் செவி தன் ஒலியைக் கேட்பது இயற்கை. அதில் அச்சத்திற்கோ பெருமைக்கோ இடமில்லை.

ரீங்கரித்தல் திருமறைக்கும் அயலானதன்று. முதலாம் சங்கீதத்தில் 'தியானம்' என்று நாம் வாசிக்குமிடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல் 'ஹாகா'. ஏசாயாவின் நூலில் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்திற்கும், புலம்பும் புறாவுக்கும் இதே சொல் வருகிறது. வேதத்தை வாய்க்குள் முணுமுணுத்து அசைபோடுவதே அன்றைய தியானம். எனினும் அடுத்த சங்கீதத்தில், ஆண்டவருக்கு விரோதமாகச் சதிசெய்யும் மக்களின் முணுமுணுப்பையும் இச்சொல்லே குறிக்கிறது. எனவே முணுமுணுப்பு தன்னளவில் புனிதமுமன்று, தீதுமன்று. எதை முணுமுணுக்கிறோம், யாரை நோக்கி என்பதே வினா.

இங்கேதான் நம் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. பிரதீபிகையின் யோகி இறுதியில் கட்டைபோல் அசைவற்றவனாகிச் சங்கொலியும் முரசொலியும் கேளாதவனாகிறான். அந்நூல் நாடும் விடுதலைக்கு அது பொருத்தமான முடிவே. ஓரேபில் எலியா கண்டதோ வேறு. காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்தபின் வந்ததைக் குறிக்கும் எபிரேயத் தொடரில் 'அமைதி' என்று பொருள்படும் 'தெமாமா' என்னும் சொல் இடம்பெறுகிறது. ஆயினும் எலியா அந்த அமைதியில் கரைந்துவிடவில்லை. இங்கே உனக்கு என்ன வேலை என்று அவன் கேட்கப்பட்டான். தமஸ்குவின் வழியே திரும்பிப் போகும்படியும், ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம் செய்யும்படியும் கட்டளை பெற்றான். அமைதி அவனை மனிதரிடமே திருப்பி அனுப்பியது.

அம்மூப்பர் இன்று மீண்டும் வந்தால், நாம் அவரை அச்சுறுத்தமாட்டோம். ஒலி ஓயாது தொல்லை தருமாயின் மருத்துவரைக் காணச் சொல்வோம்; இல்லையேல் அதைப் பொருட்படுத்தவேண்டா என்போம். பின்பு, அந்த அமைதியில் தேவன் உம்மிடம் என்ன கேட்டார், யாரிடம் உம்மை அனுப்பினார் என்று வினவுவோம். சங்கீதம் ஒன்றை வாய்விட்டு முணுமுணுத்துத் தியானிக்க நாம் நம் சபையாருக்குக் கற்பித்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்பாராயின், இல்லை என்றே ஒப்புக்கொள்வோம். அக்குறையை நீக்கும் பணியை வரும் ஞாயிறே தொடங்குவோமாக.