கழகமும் கைப்பேசியும்

திருக்குறளின் சூது அதிகாரத்தைப் பொருளாசைக்கு எதிரான அறிவுரையாக மட்டுமே கற்பித்து வருகிறோம். அஃது ஆடுவோர் உள்ளத்தை ஆராய்வதுமாகும். அதிகாரம் வெற்றியில் தொடங்குகிறது என்பது கருதத்தக்கது. வென்ற பொருளை, மீன் விழுங்கிய தூண்டிலிரும்புக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அடுத்து, ஒன்று பெற்று நூறிழப்பாரைக் காட்டுகிறார். அந்த ஒன்று எப்போது வருமென்று அறியாமையே ஆடுவோனைப் பிணிக்கின்றது. ஒழுங்கின்றிக் கிடைக்கும் பரிசே ஒரு செயலை நெடிது தொடரச் செய்யும் என்பதை, 20ஆம் நூற்றாண்டில் உளவியலார் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டினார்.

ஆனால், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்த கெலுகோரில், உணவுக்கடையில் அமர்ந்து கைப்பேசியில் 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆடும் மாணவனுக்குப் பணயம் ஏது? 2016இல் வெளிவந்த அவ்வாட்டத்தில் ஐவர் ஓரணியாக நின்று வேறு ஐவரோடு பொருதுவர். தரவரிசை ஆட்டத்தில் வென்றால் ஒரு விண்மீன் கூடும். தோற்றால் ஒன்று குறையும். அவ்வளவே! ஆயினும் தோற்றவனே மீண்டும் ஆட அழைக்கிறான்.

அதிகாரத்தின் இறுதிக் குறள் இவனுக்குரியது. துன்பமுறுந்தோறும் உடலின்மேல் உயிர்க்குக் காதல் மிகுதற்கு, இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் மிகுதல் உவமையாகிறது. ஈண்டுச் சூது உவமை, உயிரே பொருள். இழப்பில் ஊன்றும் பற்று, சூதாடிக்கு மட்டும் உரியதன்று, உயிரியல்பு. இவ்வதிகாரத்தைக் காட்டி மாணவனை இகழ்வோர் இறுதிக் குறளை மறந்தவராவர். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. ஆடுவோருள் மிகச் சிலரையே அது குறிக்கும்.

சூதாடுமிடத்தை வள்ளுவர் 'கழகம்' என்றே சுட்டுகிறார். நாம் பெருமையோடு வழங்கும் பல்கலைக்கழகத்தில் இருப்பதும் அச்சொல்லே. கூட்டம் என்னும் பொருள் இரண்டிலும் உண்டு. கைப்பேசிக்குள்ளும் ஒரு கழகம் இருக்கிறது; நால்வர் காத்திருக்கையில் ஐந்தாமவன் எழுந்து போதல் எளிதன்று.