சிற்பிகள் உருவாகும் இடங்கள்

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில், உலோகச் சிலை வார்க்கும் பட்டறைக்கு வரும் பையனிடம் எடுத்த எடுப்பில் உளியைத் தருவதில்லை. மண் குழைக்க வேண்டும், உலை பார்க்க வேண்டும், வார்த்த உருவத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். காவிரி வண்டலின் பதம் விரலுக்குப் பிடிபட்ட பிறகுதான் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த உருண்டை அவன் கைக்கு வரும்.

அங்கே அளவுகோல் ஓர் ஓலைதான். உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்துக்கொள்கிறார்கள். முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எங்கே என்பதை மடிப்புகளே சொல்லிவிடும். சிவன், திருமால் உருவங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது உயரம் 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. மெழுகு உருவத்தின் மேல் மண் பூசிக் காயவைத்துச் சுட்டால், மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். மெழுகில் விட்ட பிழை உலோகத்திலும் அப்படியே நிற்கும். இதைவிடக் கண்டிப்பான தேர்வு எந்தப் பள்ளியிலும் இல்லை.

சென்னையின் வழி வேறு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, வகுப்பையும் பாடத்திட்டத்தையும் கொண்டுவந்தது. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைப் புகுத்தினார். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்றபின் ஓவியமும் சிற்பமும் ஓங்கின. மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை.

இவ்விரு வழிகளும் சந்தித்த இடம் மாமல்லபுரம். 1957இல் அரசு அங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னாளில் பட்டம் தரும் கல்லூரியாக வளர்ந்தது. அதை நெடுங்காலம் நடத்திய வை. கணபதி ஸ்தபதி கணிதப் பட்டதாரி. சிற்பத்தைத் தந்தையிடம் கற்றவர். குமரிமுனையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை வடித்தவர் அவர்தான். சிற்பக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கும் உளி பிடிக்க வழி திறந்ததே இந்தக் கல்லூரியின் பெரிய சாதனை.

ஆனாலும் பட்டம் பெற்றவர் கை தேற, பட்டறையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதற்குப் பட்டறையில் வேலையும் வேண்டும், அவகாசமும் வேண்டும். சிலை அடுத்த வாரமே வேண்டும் என்று நெருக்கினால், பட்டறையின் தலைமைச் சிற்பியான ஸ்தபதி எல்லாவற்றையும் தம் கையாலேயே முடித்துவிடுவார். இளைஞனுக்குக் கற்க வேலை மிஞ்சாது. கோயிலுக்கோ வீட்டுக்கோ சிலை செய்யச் சொல்பவர்கள் தயவுசெய்து போதிய அவகாசம் கொடுங்கள்.