வின்ஆம்ப் போட்ட வேஷங்கள்

1997இல் வந்த வின்ஆம்ப், கம்ப்யூட்டரில் எம்பி3 பாட்டுக் கேட்பதற்கான குட்டி மென்பொருள். அதன் முகத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ‘ஸ்கின்’ என்று பெயர். ஸ்கின் என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை: பெயர் மாற்றிய ஒரு ஜிப் கோப்பு, உள்ளே சில பிட்மேப் படங்கள். பெயின்ட்டில் கோடு இழுக்கத் தெரிந்த பள்ளிப் பையனும் செய்யலாம். செய்தார்கள், ஆயிரக்கணக்கில். மரப்பெட்டி ரேடியோ, விண்கலக் கருவிப்பலகை, கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம். ரசனை கெட்டவையும் ஏராளம். இருக்கட்டுமே, அவரவர் பாட்டுப்பெட்டி.

நான் மெச்சுவது வேறொன்றை. எந்த வேஷம் போட்டாலும் அதன் முதன்மை ஜன்னல் 275க்கு 116 பிக்சல்தான். பிளே, பாஸ், ஸ்டாப் பொத்தான்கள் இடம் பெயராது. யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் கை தானாகப் போகும். நிறம் பயனரின் இஷ்டம், இடம் மென்பொருளின் கட்டளை.

2002இல் வின்ஆம்ப்3 அந்தக் கட்டளையையும் தளர்த்தியது. எந்த வடிவமும் சாத்தியம். ஆனால் ஸ்கின் செய்ய எக்ஸ்எம்எல் தெரிய வேண்டும், மென்பொருளும் கனத்துப்போனது. பலர் பழையதை விட்டு நகரவில்லை. அடுத்த ஆண்டே வின்ஆம்ப் 5, பழைய ஸ்கின்களையும் ஏற்றுக்கொண்டு வந்தது.

இன்றைய பாட்டுச் செயலிகள் பலவற்றில் கறுப்பா வெள்ளையா என்பதோடு நம் உரிமை முடிகிறது. அந்தப் பழைய ஸ்கின்கள் இணையத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒருமுறை தேடிப் பாருங்கள்.