கல்லிடுக்கில் ஒரு ஜூன் மாதம்

எடின்பரோவில் என் மனதைவிட்டு அகலாத தோட்டம் ஒரு கல்தொட்டிக்குள் அடங்கியிருந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஏதோ ஒரு பண்ணையில் மாடுகள் தண்ணீர் குடித்த பழைய தொட்டி. நான்கைந்து சாம்பல் நிறக் கற்கள், இடையிடையே சரளை, சரளையின்மேல் உள்ளங்கையளவு பச்சை மெத்தை. அந்த மெத்தையே தெரியாதபடி டயாந்தஸ் ஆல்பினஸ் பூத்துக் கிடந்தது. அடர்ந்த இளஞ்சிவப்பு இதழ்கள், நடுவில் பொட்டுப் பொட்டாகக் கருஞ்சிவப்பு. நின்று பார்த்தபோது வெறும் நிறத்திட்டு. மண்டியிட்டு, கண்ணைத் தொட்டி விளிம்புக்குச் சமமாகக் கொண்டுவந்தபோதுதான் சரிவு தெரிந்தது, பாறை முகடு தெரிந்தது, முகட்டின் நிழலில் அந்தப் பூக்கள் தம் ஆஸ்திரிய மலையில் எப்படி நிற்குமோ அப்படி நின்றன. ஆல்பைன் செடி வளர்ப்பவர்களின் தோட்டத்துக்குப் போகிறவர்கள் முழங்கால் வலிக்கத் தயாராக இருக்க வேண்டும். அங்கே அழகு தரையோடு தரையாக இருக்கிறது.

மரங்கள் வளர முடியாத உயரத்தில் வாழும் செடிகளைத்தான் ஆல்பைன் என்கிறார்கள். அங்கே வளர்காலம் சில வாரங்களே. காற்று வெட்டும், இரவில் உறையும். செடி தன் உடலைச் சுருக்கி, இலைகளை நெருக்கி, ஒரு பந்தாகத் தரையைப் பிடித்துக்கொள்கிறது. வெயில் நாளில் அந்தப் பந்தின் உட்புறம் வெளிக்காற்றைவிட நன்றாகவே சூடாக இருக்கும். தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்ட செடி அது. ஆனால் பூவை மட்டும் அது சுருக்குவதில்லை. கிடைத்த சில நாட்களுக்குள் பூச்சியை அழைத்தாக வேண்டும். உடல் சிறுத்து, பூ பெருத்து நிற்கும் இந்த விகிதம்தான் ஆல்பைன் அழகின் இலக்கணம். உரம் போட்டு ஊட்டி வளர்த்தால் இலை கொழுக்கும், தண்டு நீளும், மெத்தை குலையும், இலக்கணம் கெடும். ஆகவே இந்தக் கலையில் கை தேர்ந்தவர் என்பவர் எதைக் கொடுக்கக் கூடாது என்று அறிந்தவர்.

முதலில் மறுக்க வேண்டியது தேங்கும் நீரை. இந்தச் செடிகள் பனிக்கு அஞ்சுவதில்லை. மலையில் மாதக்கணக்கில் பனிப் போர்வையின் கீழ் ஈரம் படாமல் உறங்கிப் பழகியவை. பனி உருகும்போது நீர் வேரைத் தொட்டுவிட்டுப் பாறை வழியே ஓடிவிடும். சமவெளியின் குளிர்காலமோ நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்தில் ஈரம் நின்றால் செடி ஒரு வாரத்தில் அழுகிவிடும். அதனால்தான் மண்கலவையில் பாதிக்கு மேல் பொடிக்கல், செடியின் கழுத்தைச் சுற்றிச் சரளை, நவம்பரில் கம்பிக் கால்களில் நிறுத்திய ஒரு கண்ணாடித் துண்டு. லண்டன் கியூ தோட்டத்தில் 2006ல் திறந்த டேவிஸ் ஆல்பைன் இல்லம்கூட, செடிகளுக்குச் சூட்டைத் தேக்கித் தருவதற்காகக் கட்டியதல்ல. உள்ளே காற்று ஓட வேண்டும், குளிர்ச்சி நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அதன் கூரை வளைந்து உயர்கிறது.

இந்த ஞானம் எளிதில் வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பணக்காரத் தோட்டங்களில் பாறை என்பது அலங்காரம். மண்மேட்டில் கற்களைக் கூராகக் குத்தி வைத்து, இடைவெளியில் ஏதோ ஒரு செடியைச் செருகுவார்கள். இதைக் கடுமையாகச் சாடியவர் யார்க்‌ஷயரின் கிளாப்பம் ஊரைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபாரர். மலையில் பாறை எப்படிப் படுத்திருக்கிறதோ, அடுக்கின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அப்படியே தோட்டத்திலும் படுக்க வேண்டும் என்றார். 1907ல் வந்த ‘மை ராக் கார்டன்’, 1919ல் வந்த ‘தி இங்லிஷ் ராக் கார்டன்’ என்ற அவருடைய நூல்கள் ஒரு தலைமுறையின் கண்ணைத் திருத்தின. துப்பாக்கியில் விதைகளை நிரப்பிப் பாறைச் சுவரை நோக்கிச் சுட்டு விதைத்தார் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். செடி தேடிப் போன மேல் பர்மாவின் மலையிலேயே 1920ல், நாற்பது வயதில் இறந்தார். அவருக்குப் பின் 1929ல் ஆல்பைன் கார்டன் சொசைட்டியும், 1933ல் ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப்பும் தோன்றின. முதல் சங்கத்தின் கண்காட்சிகளில் தலைசிறந்த செடிக்குக் கிடைக்கும் பதக்கம் இன்றும் ஃபாரர் பெயரில்தான் இருக்கிறது.

வசந்தத்தில் கண்காட்சி மேசைகள் நிறைந்து வழியும். ஆனால் என்னைக் கேட்டால், பாறைத் தோட்டத்தைப் பார்க்க ஏற்ற காலம் மே இறுதியும் ஜூனும்தான். ஸ்காட்லாந்தில் அப்போது பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல் நீளும். அந்த நீண்ட, சாய்ந்த ஒளியில் முதலில் கண்ணில் படுவது வெள்ளிச் சாக்ஸிஃப்ராகா. பெயருக்குப் பொருள் கல்லை உடைப்பது. இதன் இலைவட்டைச் சுற்றி யாரோ வெள்ளிச் சரிகை தைத்ததுபோல் ஒரு வெண்கரை. அது சுண்ணாம்பு. வேர் உறிஞ்சிய நீர் இலை விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியே கசிகிறது. நீர் காற்றோடு போக, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு விளிம்பில் படிகிறது. தான் நிற்கும் பாறையையே எடுத்து நகையாக அணிந்துகொண்ட செடி இது.

அந்த இனத்துக்கு அரசி பிரனீஸ் மலையின் சாக்ஸிஃப்ராகா லாங்கிஃபோலியா. செங்குத்துப் பாறையில் ஒட்டிய நட்சத்திரம்போல் ஒற்றை இலைவட்டு. ஆண்டுக்கு ஆண்டு ஒரு சுற்று இலை கூடும், வேறொன்றும் நடக்காது. ஐந்து, ஏழு, சில வேளை அதற்கும் மேல் ஆண்டுகள் காத்திருந்தபின் ஒரு கோடையின் தொடக்கத்தில் நடுக்குருத்து உயர்ந்து, வளைந்து, நூற்றுக்கணக்கான வெண்பூக்களுடன் அருவிபோல் பாறையிலிருந்து இறங்கும். விதை முற்றியதும் செடி மடியும். பக்கக் கன்று விடுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடியும் குறிஞ்சியை அறிந்த நமக்கு இந்தக் காத்திருப்பு அந்நியமல்ல. குறிஞ்சி மலையையே ஒன்றாக நீலமாக்கும். இது தனக்கென்று ஒரு வேளை குறித்துக்கொண்டு தனியே பூக்கும்.

அடுத்து லூயிஸியா. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஓரிகன் எல்லை மலைகளின் லூயிஸியா காட்டிலிடன் இளஞ்சிவப்பில் கோடு போட்டும், பாதாமிப் பழ நிறத்திலும் பூக்கும். சதைப்பற்றுள்ள அதன் இலைவட்டின் நடுவில் மழைநீர் தங்கினால் போயிற்று. எனவே அனுபவசாலிகள் அதைச் சுவரின் இடுக்கில் பக்கவாட்டில் நடுகிறார்கள். அதன் உறவான லூயிஸியா ரெடிவிவாவுக்குப் பெயரே ‘மீண்டும் உயிர்த்தது’. 1806ல் ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் அமெரிக்காவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பறித்து உலர்த்திக் கொண்டுவந்த செடி, பிலடெல்பியாவில் மண்ணில் வைத்ததும் துளிர்த்தது.

அதே வித்தையை ரமோண்டாவும் அறியும். பிரனீஸின் ரமோண்டா மைக்கோனி வறட்சியில் காகிதமாகச் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும். மழை பட்டால் இலை விரியும். ஐரோப்பா வெதுவெதுப்பாக இருந்த பழங்காலத்தின் மிச்சம் அது. நம் ஜன்னலோரத் தொட்டிகளில் வைக்கும் ஆப்பிரிக்க வயலட்டின் குடும்பம். வடக்கு நோக்கிய பாறை இடுக்கில், வெயில் நேராகப் படாத இடத்தில், கத்தரிப்பூ நிறமும் மஞ்சள் நடுவுமாக அது பூத்திருப்பதைக் கண்டால், நிழலுக்கும் ஒரு விளக்கு உண்டு என்று தோன்றும்.

ஈரத்தை வெறுக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் டோரதி ரென்டனும் ஜான் ரென்டனும் 1922ல் தொடங்கிய பிராங்க்லின் தோட்டத்தில் ஜூனில் இமயத்து நீலப் பாப்பி பூக்கிறது. செடி தேடிப் பயணித்த ஃபிராங்க் கிங்டன்-வார்ட் 1924ல் திபெத்தில் சேகரித்த விதைகள்தாம் இந்த நீலத்தைப் பிரிட்டனின் தோட்டங்களில் நிலைநிறுத்தின. வானம் பட்டுத் துணியில் தோய்ந்ததுபோன்ற நிறம். வெயில் கூடிய தென் இங்கிலாந்தில் வாடும் இந்த மெக்கனாப்சிஸ், குளிர்ந்த காற்றும் மென்மழையும் உள்ள ஸ்காட்லாந்தில் தன் ஊரைக் கண்டுகொண்டது. லூயிஸியாவுக்கு மறுக்கும் ஈரத்தை இதற்குத் தாராளமாகத் தரலாம். ஒவ்வொரு செடியிடமும் அதன் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே இந்தத் தோட்டக்காரரின் படிப்பு.

கல்தொட்டிக்குத் திரும்புகிறேன். அதன் ஒரு மூலையில் இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம் இருந்தது. சென்ற கோடையில் லாங்கிஃபோலியா பூத்து மடிந்த இடம் என்றார் வீட்டுக்காரர். அதன் விதையில் ஒரு பங்கைச் சங்கத்தின் விதைப் பரிமாற்றத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை டிசம்பரில் விதைத்து, உறைபனி பட வேண்டும் என்று சட்டியை வெளியிலேயே விட்டிருக்கிறார். சட்டியைக் காட்டினார். சரளைக்கு நடுவே குண்டூசித் தலையளவில் ஏழெட்டு நாற்றுகள். அவற்றில் ஒன்று மீண்டும் அந்த இடுக்கில் பூக்கும்போது தனக்கு எண்பதைத் தாண்டியிருக்கும் என்று கணக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டே, நாற்றின் கழுத்தில் ஒட்டியிருந்த ஈரமான ஒரு பாசித் துணுக்கை ஊசிமுனையால் எடுத்து அப்புறப்படுத்தினார்.