இளைய மொந்தல்பானோ: முடிவறிந்த கதையின் முற்பகுதி

துப்பறி கதையின் உயிர் வாசகனது அறியாமையிலே தங்கியுள்ளது என்பர். கொன்றவன் யார், கொன்றது ஏன் என்னும் வினாக்களுக்கு விடை கிட்டும்வரையே அதன்மேல் ஆர்வம் நிலைக்கும். கிட்டியபின் நூலை மூடிவைத்தல் இயல்பு. முன்கதை என்னும் கலைவடிவமோ இதற்கு நேர்மாறானது. பலரும் நன்கறிந்த கதைத்தலைவன் ஒருவனின் இளமையை அது பின்னோக்கிச் சென்று கூறுகின்றது. அவன் எவ்வூரில் வாழப்போகிறான், எவளை மணவாது விடப்போகிறான், எத்தகைய முதுமையை அடையப்போகிறான் என்பன யாவும் பார்ப்போர் முன்னறிந்தவை. அங்ஙனமாயின், துப்பறி நாடகம் ஒன்று முன்கதையாக அமையுங்கால் அதன் சுவை எங்ஙனம் பிறக்கும்? இவ்வினாவுக்கு இத்தாலியத் தொலைக்காட்சி நாடகமாகிய ‘இளைய மொந்தல்பானோ’ தரும் விடை ஆராயத்தக்கது.

முடிவறிந்த கதையிற் சுவை குன்றும் என்பது பொதுவான நம்பிக்கை. அது முற்றும் உண்மையன்று. சிலப்பதிகாரத்தைப் பயில்வோர் கோவலன் மதுரையில் மாள்வான் என்பதை அறிந்தே பயில்கின்றனர். அவ்வறிவு புகார்க் காண்டத்து மகிழ்ச்சியின்மேல் ஒரு நிழலைப் படரவிடுகின்றது. அதனால் அவலம் மிகுகின்றதேயன்றிக் குறைவதில்லை. சோபொக்கிளிசின் நாடகத்தைக் காணச் சென்ற கிரேக்கரும் ஈடிப்பசு மன்னனின் முடிவை அறிந்தே சென்றனர். ‘என்ன நிகழும்’ என்னும் வினா ஒழிந்தவிடத்து ‘ஏன் இங்ஙனம் நிகழ்ந்தது’ என்னும் ஆழ்ந்த வினா எழுகின்றது. முன்கதையின் தகுதியை அளக்கும் கோல் இதுவே.

சால்வோ மொந்தல்பானோ என்னும் பொலிஸ் அதிகாரியைப் படைத்தவர், சிசிலித் தீவின் பொர்த்தோ எம்பெதொக்கிளே என்னும் துறைமுக நகரிற் பிறந்த அந்திரேயா கமில்லேரி (1925–2019) ஆவார். 1994இல் வெளிவந்த ‘நீரின் வடிவம்’ அவ்வரிசையின் முதல் நாவல். நாவல்களையும் சிறுகதைகளையும் தழுவிய நாடகங்கள் 1999 முதல் 2021 வரை 37 பகுதிகளாக இத்தாலிய அரச ஒளிபரப்பு நிறுவனமாகிய ராயில் ஒளிபரப்பாயின. தலைவனாக நடித்தவர் லூக்கா சிங்காரெத்தி. இதன் முன்கதையே ‘இளைய மொந்தல்பானோ’. 2012ஆம் ஆண்டில் ஆறும் 2015ஆம் ஆண்டில் ஆறுமாகப் பன்னிரண்டு பகுதிகள் இதற்குண்டு. ஜான்லூக்கா மரியா தவரெல்லி நெறிப்படுத்த, மிக்கேலே ரியோந்தினோ இளைய தலைவனாக நடித்தார்.

இதன் எழுத்துப்பணியிற் பிராஞ்செஸ்கோ புரூனியோடு கமில்லேரியும் பங்குகொண்டமை குறிப்பிடத்தக்கது. பிறர் படைத்த முன்கதைகளுட் பல மூலத்தின் புகழை விற்றுப் பிழைப்பன. இதுவோ படைத்தவரே தம் படைப்பை மீண்டும் நோக்கியதன் பயன். அவர் தொலைக்காட்சிக்குப் புதியவருமல்லர். ஜீனோ செர்வி நடித்த மெக்ரே துப்பறி நாடகங்களின் தயாரிப்பில் 1960களிலேயே பணிபுரிந்தவர். கொலையாளியைக் காட்டிலும் கொலைக்கு இடமளித்த மனித வாழ்வையே மெக்ரே ஊன்றி நோக்குவார். அந்நோக்கு மொந்தல்பானோவிடமும் உண்டு.

மூலக்கதையை அறிந்தோர் இரு முடிவுகளை மனத்திற்கொண்டே முன்கதையைக் காண்பர். ஒன்று காதல் பற்றியது. ஜெனோவா நகரின் பொக்கதாசெயில் வாழும் லீவியாவும் சிசிலியில் வாழும் மொந்தல்பானோவும் ஆண்டுக்கணக்காகத் தொலைபேசியிலேயே ஊடியும் கூடியும் காலங்கழிக்கின்றனர். திருமணப் பேச்சு எழும், தேயும். 2021இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் அவன் அவளைப் பிரிகின்றான். மற்றையது தந்தை பற்றியது. 1996இல் வெளிவந்த ‘தின்பண்டத் திருடன்’ என்னும் நாவலில் தந்தை நோயுற்று இறக்கின்றார். மகன் உயிரோடு அவர் முகத்தைக் காணக் கொடுத்துவைத்தவனல்லன். காதலும் குருதியுறவும் இவ்விதம் முற்றுப்பெறாதொழிந்தது ஏன் என்பதே முன்கதை விடைகூற வேண்டிய வினா.

முதற் பகுதி, மலையூராகிய மஸ்கலிப்பாவில் உதவி அதிகாரியாகப் பணிபுரியும் இளைஞனைக் காட்டுகின்றது. மலையும் மூடுபனியும் அவனுக்கு ஒவ்வாதவை. அவன் ஏங்குவது கடலுக்கு. பதவி உயர்வு பெற்றுக் கடலோர ஊராகிய வீகாத்தாவுக்கு மாற்றலாகும்போது அவன் அடையும் களிப்பு சிறுபிள்ளையின் களிப்பு. அங்கு அவன் எதிர்கொள்ளும் வழக்கில், கைப்பையிலே துப்பாக்கியுடன் நீதிமன்றத்தின் முன் காத்து நிற்கும் ரொசான்னா என்னும் ஏழைப்பெண் பிடிபடுகின்றாள். அவள் தன் பகை தீர்க்க வந்தவளல்லள். வலியோர் கையிற் கருவியாக வந்தவள். அவளை அச்சுறுத்தி உண்மையைப் பிடுங்குதல் எளிது. இளைய அதிகாரி அதனைச் செய்யாது, அவள் வாய்திறக்குமட்டும் பொறுத்திருக்கின்றான். சட்டத்தின் எழுத்தினும் மனிதத் துயரைப் பெரிதாக மதிக்கும் பிற்கால மொந்தல்பானோ இப்பொறுமையிலேதான் பிறக்கின்றான். குற்றம் துலங்குவதோடு துலக்குவோனின் உள்ளமும் துலங்குவதே இப்பகுதியின் சிறப்பு.

அடுத்துச் சிறப்பது தந்தையர் இருவரை எதிரெதிர் நிறுத்திய திறன். தாயை இளமையிலேயே இழந்த மொந்தல்பானோ, பெற்ற தந்தையோடு மனம் ஒட்டாதவன். ஒருவர் வருந்தி அணுகுகையில் மற்றவர் விலகுவர். வீகாத்தா பொலிஸ் நிலையத்திலோ ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கார்மீனே ஃபாட்சியோ என்னும் முதியவர் அவனுக்கு வழிகாட்டியாகின்றார். ஊரில் யார் யாருக்கு உறவு, எவர் சொல்லை நம்பலாம், எக்கதவை எந்நேரத்தில் தட்டலாம் என்பவற்றையெல்லாம் அவரே கற்பிக்கின்றார். பின்னர் அவர் மகன் அந்நிலையத்திற் பணியேற்கின்றான். மூலக்கதையில் மொந்தல்பானோவின் வலக்கையாக விளங்கும் ஃபாட்சியோ இம்மகனே. பெற்ற தந்தையிடம் பெறமறுத்த அன்பை மொந்தல்பானோ பணியிடத்திற் பெறுகின்றான். அவனுக்கு வீடாக அமைவது பொலிஸ் நிலையமே என்பதை நாடகம் வாய்விட்டுக் கூறவில்லை, காட்சிகளால் உணர்த்துகின்றது. இதுவே கலைக்கு உரிய நெறி.

இடமும் காலமும் இந்நாடகத்தில் வேறுவேறு விதமாகக் கையாளப்பட்டுள்ளன. வீகாத்தா கற்பனையூர், பொர்த்தோ எம்பெதொக்கிளேயே அதற்கு மூலம். படப்பிடிப்பு நிகழ்ந்ததோ பெரிதும் இரகூசா மாகாணத்திலே. ஷீக்லி நகரின் கல்மாளிகைகளும் பூந்தா செக்காவின் கடற்கரை வீடும் பொன்னிற வெயிலில் ஒளிர்கின்றன. அழகிய காட்சிகளே, ஆயினும் 1990ஐ ஒட்டிய சிசிலி அத்துணை அமைதியான நிலமன்று. மாபியாவினர் மீதான பெருவழக்கு 1986இல் தொடங்கி 1987இல் தீர்ப்புப் பெற்றது; 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. அக்காலத்துப் பதற்றம் இந்நாடகத்தின் பெரும்பகுதியில் இலைமறை காயாகவே உள்ளது. மாபியாவினரைக் கதையின் நடுவே நிறுத்தினால் அவர்கள் வீரராகத் தோன்றிவிடுவர் எனக் கமில்லேரி அஞ்சினார். ஆகையால் அவர்களைப் பின்னணியிலேயே நிறுத்தினார். இக்கொள்கை நேர்மையானது. ஆனால் வெயிலும் கடலும் உணவும் அப்பின்னணியை மூடிவிடும் குறையும் இதனால் நேர்ந்துளது.

அந்தத் திரை கிழியுமிடம் இறுதிப் பகுதி. மொந்தல்பானோ லீவியாவை மணந்து ஜெனோவாவுக்குச் செல்ல ஆயத்தமாகின்றான். அவ்வேளையில் வருகின்றது 1992 மே 23ஆம் நாட் செய்தி. பலேர்மோ விமான நிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கபாச்சி என்னுமிடத்தில், வீதியின் அடியில் வைத்த வெடி வெடித்து நீதவான் ஜொவான்னி ஃபல்கோனேயும் அவர் மனைவி பிராஞ்செஸ்கா மொர்வில்லோவும் காவலர் மூவரும் மாண்டனர். பெருவழக்கைக் கட்டியெழுப்பியோருள் தலையாயவர் ஃபல்கோனே. மொந்தல்பானோ சிசிலியை விட்டுப் போகாமலே நின்றுவிடுகின்றான். கற்பனைப் பாத்திரம் ஒன்றின் தனிவாழ்வை வரலாறு இவ்வாறு குறுக்கே வந்து திருப்புகின்றது. அகத்திணைக்குரிய தலைவன் ஒருவனைப் புறத்திணை வந்து பறித்துக்கொள்வது போன்றது இது.

இம்முடிவு உள்ளத்தை உலுக்குவது என்பதில் ஐயமில்லை. எனினும் திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. மூலக்கதையில் மொந்தல்பானோ திருமணத்தைத் தள்ளிப்போடுவது அவனது குணக்குறையாகவே தோன்றும். தனியே உண்பதும், தனியே நீந்துவதும், வினவினால் எரிந்துவிழுவதும் அவனியல்பு. அக்குறைக்குக் காரணம் கூறப்படவில்லை. ஆகவே அவன் மெய்யான மனிதனாக நின்றான். முன்கதை அக்குறையைத் தியாகமாக்கிவிடுகின்றது. நாட்டின் துயரத்தின் பொருட்டே அவன் காதலைத் துறந்தான் என்றாகுமாயின், பிற்காலத்தில் லீவியா கண்ட துன்பத்துக்கெல்லாம் அவன் பொறுப்பாளியல்லன் என்றாகிவிடும். ஒன்றை விளக்குவது வேறு, மன்னிப்பது வேறு. விளக்கம் மன்னிப்பாக மாறுதல் முன்கதைகளைச் சூழ்ந்துள்ள பேராபத்து.

ஆனால் இந்நாடகத்தை ஊன்றிக் கற்போர், அவ்வாபத்திலிருந்து அதனைக் காக்கும் சான்றுகளையும் அதனுள்ளேயே காண்பர். லீவியாவுக்கு முன் மேரி என்பவளோடு கொண்ட காதலையும் அவன் நிலைபெறச் செய்தானல்லன். தந்தை நீட்டிய கையையும் முழுமனத்தோடு பற்றினானல்லன். ஃபல்கோனேயின் கொலைக்கு முன்பே, நெருங்கி வருவோரிடமிருந்து ஓரடி பின்வாங்கும் வழக்கம் அவனிடம் வேரூன்றியிருந்தது. ஆகவே 1992 மே மாதத்து முடிவில் இரண்டு கலந்துள்ளன: ஒன்று பிறந்த மண்மீது கொண்ட உண்மையான கடப்பாடு; மற்றொன்று அக்கடப்பாட்டின் பின்னே ஒளிந்துகொண்ட அச்சம். எது எவ்வளவு என்பதை அவனும் அறியான். இக்கலப்பே இந்நாடகத்தின் உண்மை.

இவ்வாறு நோக்குங்கால் பெருங்குறையாக எஞ்சுவது லீவியாவின் பாத்திரமே. சாரா பெல்பர்பவும் அவளுக்கு அறிவும் துணிவும் உள்ள தோற்றத்தை அளித்துள்ளார். ஆயினும் தன் வாழ்வையும் மாற்றும் ஒரு தீர்மானத்தின்முன் அவளுள்ளம் பட்ட பாட்டைக் காட்ட எழுத்து அவருக்குப் போதிய இடம் தரவில்லை. துறப்பவன் மனத்தைக் காட்டிய நாடகம் துறக்கப்பட்டவள் மனத்தையும் அதே அளவிற் காட்டியிருப்பின், அவலம் நிறைவுபெற்றிருக்கும்.

நடிப்பிலோ ரியோந்தினோ பாராட்டுக்குரியவர். மொட்டைத்தலையரான சிங்காரெத்தியைச் சுருண்ட கூந்தலையுடைய இவர் போலச்செய்ய முயலவில்லை. மூத்தவரிடம் முதிர்ந்த சினமாகக் காணப்படுவது இவரிடம் இளமைப் பதற்றமாகக் காணப்படுகின்றது. விதையில் மரத்தைக் காட்டாமல் விதையை விதையாகவே காட்டியுள்ளார்.

இந்நாடகத்தின் வழக்குகளிற் கொலையாளி யார் என்பதைச் சில நாளில் மறந்துவிடலாம். கடலை விரும்பி மலையிலிருந்து இறங்கிவந்த இளைஞன், அக்கடலின் கரையிலேயே தனியனாக நின்றுவிட்ட காட்சியை மறத்தல் அரிது. அவன் நின்றது வீரத்தாலா அச்சத்தாலா என்னும் வினா, வழக்குகள் யாவும் முடிந்த பின்னும் பார்ப்போர் உள்ளத்தில் முடியாது நிற்கின்றது.