‘செய்கிறேன்’ என்னும் வாய்பாடு: ஆங்கில நிகழ்காலத்தைத் தமிழ்வழிக் கற்பித்தல் குறித்த மறுபார்வை

திறவுச்சொற்கள்: நிகழ்காலம், வினைநோக்கு, ‘செய்யும்’ வாய்பாடு, துணைவினை, ஆங்கிலம் கற்பித்தல்

முன்னுரை

தமிழ்வழி மாணவர்களுக்கென எழுதப்படும் ஆங்கில இலக்கணக் கையேடுகளில் அடிக்கடி இடம்பெறும் அட்டவணை ஒன்று உண்டு. அதன் இடப்பக்கத்தில் ‘ஐ டூ’, ‘ஐ ஆம் டூயிங்’, ‘ஐ ஹேவ் டன்’, ‘ஐ ஹேவ் பீன் டூயிங்’ என்னும் நான்கு வடிவங்கள் நிற்கும். வலப்பக்கத்தில் அவற்றுக்கு நேராகச் ‘செய்கிறேன்’, ‘செய்துகொண்டிருக்கிறேன்’, ‘செய்திருக்கிறேன்’, ‘செய்துகொண்டு வந்திருக்கிறேன்’ என்று எழுதப்பட்டிருக்கும். மாணவர் இதனை மனப்பாடம் செய்கிறார். பின்னர் எந்தத் தொடரை எழுதினாலும் இவ்வட்டவணையின் வழியாகவே மொழிபெயர்க்கிறார். இவ்வட்டவணை ஆங்கிலத்தைத் தவறாகக் கற்பிப்பதோடு தமிழையும் தவறாகக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நான்கு வடிவங்களாகப் பகுக்கும் முறை கையேட்டாசிரியர்களின் கண்டுபிடிப்பன்று. இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூல் நிகழ்காலத்தை இவ்வாறே நான்காகப் பகுக்கிறது. குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமோ ஆங்கில வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டு காலங்களையே ஏற்கிறது. தொடர்ச்சி, முற்று ஆகியவற்றை அது வினைநோக்கு என்னும் வேறொரு வகைப்பாட்டில் வைக்கிறது. நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பது காலம். அது நடக்கும் விதத்தைப் பேசுவோர் எவ்வாறு நோக்குகிறார் என்பது வினைநோக்கு. பள்ளி அட்டவணை இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடுகிறது. கற்பிப்பதற்கு எளிமை வேண்டும் என்பதற்காக அதனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலப்பக்கத்துத் தமிழைத்தான் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

‘எழுவார்’ எழுப்பும் சிக்கல்

பள்ளிப் பருவத்தில் இக்கட்டுரையாளர் எழுதிய ஆங்கிலத் தொடர் ஒன்று இன்றும் நினைவில் உள்ளது: ‘மை மதர் வில் கெட் அப் அட் ஃபைவ் டெய்லி’. அதன்கீழ்ச் சிவப்புக் கோடு விழுந்தது. ‘காலப் பிழை’ என்ற குறிப்பும் இருந்தது. எதிர்காலத்தைப் பற்றி எழுதவில்லையே, ஏன் பிழை என்று அப்போது விளங்கவில்லை. இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இன்றைய நிலையில் அதே தொடர் வேறு வேறு வினைகளோடு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

காரணம் வெளிப்படை. ‘அம்மா நாள்தோறும் ஐந்து மணிக்கு எழுவார்’ என்பதே இயல்பான தமிழ். ‘எழுகிறார்’ என்றும் கூறலாம். ஆயினும் வழக்கமாக நடப்பதைச் சொல்லும்போது தமிழர் நாவில் முதலில் வருவது ‘எழுவார்’ என்பதுதான். ‘தாத்தா மாலையில் நடப்பார்’, ‘இந்தப் பேருந்து இங்கே நிற்கும்’, ‘பூனை பால் குடிக்கும்’ ஆகிய எதுவும் நாளை நடக்கவிருப்பதைக் குறிக்கவில்லை. எதிர்கால வடிவம் இங்கு வழக்கத்தையும் இயல்பையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் இப்பொறுப்பு ‘கெட்ஸ் அப்’, ‘ஸ்டாப்ஸ்’, ‘டிரிங்ஸ்’ என்னும் சாதாரண நிகழ்காலத்திற்கு உரியது. மாணவர் தம் தாய்மொழியை நேர்மையாகவே மொழிபெயர்க்கிறார். பிழை அட்டவணையில் உள்ளது. ஆங்கிலத்திலும் ‘வில்’ ஒருவரது இயல்பைக் குறித்து வருவதுண்டு என்பது உண்மையே. எனினும் அது ஒருவரது குணத்தை அழுத்திச் சொல்லும் இடங்களுக்கு உரியது. எளிய அன்றாட நடப்பைச் சொல்ல அது இயல்பான தேர்வாகாது.

‘தெரியும்’ என்பதை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ‘ஐ நோ’ என்பதற்குக் கையேடு தரக்கூடிய நேர்வடிவம் ‘நான் அறிகிறேன்’. அன்றாடப் பேச்சில் அப்படிச் சொல்பவரைக் காண்பது அரிது. ‘எனக்குத் தெரியும்’ என்பதே தமிழ். ‘எனக்குத் தெரிகிறது’ என்றாலோ பொருள் மாறிவிடும். கண்ணுக்குப் புலப்படுகிறது அல்லது இப்போது உணர்கிறேன் என்றாகும். ‘பிடிக்கும்’, ‘வேண்டும்’, ‘புரியும்’ ஆகியனவும் இத்தகையன. அதாவது, ஆங்கிலத்தில் நிலையை உணர்த்தும் முதன்மையான வினைகள் சில சாதாரண நிகழ்காலத்தில் வரும் இடத்தில் தமிழ் ‘செய்யும்’ என்னும் வடிவத்தையே நாடுகிறது. ‘செய்கிறேன்’ அங்கு இடம்பெறுவதே இல்லை.

மரபிலக்கணம் காட்டும் வழி

இவ்விடத்தில் மரபிலக்கணத்தைத் துணைக்கு அழைப்பது அலங்காரத்திற்காக அன்று. மூன்று காலத்திலும் மாறாதிருக்கும் இயல்புடைய பொருளை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லால் கூறவேண்டும் எனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. மலை, ஞாயிறு போன்றவற்றைச் சான்று காட்டும் உரையாசிரியர்கள் அப்பொதுச்சொல் ‘செய்யும்’ என்னும் வாய்பாடே எனக் கொள்கின்றனர். இக்காலக் கண்ணுக்கு எதிர்காலமாகத் தோன்றும் வடிவம் அங்கு நிகழ்காலத்தின் பெயரால் அழைக்கப்படுவதைக் கருதவேண்டும். ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்’ என்னும் பாடநூல் தொடருக்கு இவ்விதியைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

நன்னூலும் முக்காலத்தும் ஒத்தியலும் பொருளை நிகழ்காலத்தால் சொல்லுமாறு கூறுகிறது. அதற்குள் கிறு, கின்று, ஆநின்று ஆகியவை நிகழ்கால இடைநிலைகளாக நிலைபெற்றுவிட்டன. நிகழ்காலத்திற்கெனத் தனி இடைநிலை பெருகியபோது ‘செய்யும்’ பின்னுக்குச் சென்றது. அது முற்றாக அஃறிணையோடு ஒடுங்கியது. உயர்திணையில் அதன் வேலையைச் ‘செய்வான்’, ‘செய்வார்’ ஆகியன ஏற்றன. வழக்கப்பொருள் மட்டும் மறையவில்லை. இவ்வரலாற்றை அறியாத கையேடு, ‘கிறு’ வந்தால் நிகழ்காலம், ‘வ்’, ‘ப்’ வந்தால் எதிர்காலம் எனப் பிரித்து, அப்பிரிவை ஆங்கிலத்தின்மீதும் ஏற்றுகிறது.

‘செய்கிறேன்’ எங்கே பொருந்துகிறது?

‘ஐ டூ = செய்கிறேன்’ என்னும் சமன்பாடு முற்றிலும் பொய் என்று கூறவும் இயலாது. ஜெஃப்ரி லீச் ஆங்கில வினையின் பொருளை ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட நூலில் சாதாரண நிகழ்காலத்தின் நிலைப்பயன், வழக்கப்பயன் ஆகியவற்றோடு கணப்பயனையும் பிரித்துக் காட்டுகிறார். விளையாட்டு வருணனை கணப்பயனுக்குத் தக்க சான்று. வானொலியில் ‘பந்தை வீசுகிறார், ஓங்கி அடிக்கிறார்’ என்று கேட்கும்போது தமிழும் ஆங்கிலமும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. சொல்வதே செயலாகும் இடங்களிலும் இப்பொருத்தம் உண்டு: ‘உறுதியளிக்கிறேன்’, ‘நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்’. நாடகத்தின் மேடைக் குறிப்புகளிலும் கதைச்சுருக்கத்திலும் அவ்வாறே. ஆக, அட்டவணையின் முதல் வரி வருணனையாளருக்கும் உறுதிமொழி எடுப்பவருக்கும் உதவும். தம் வீட்டையும் அன்றாடத்தையும் பற்றி நான்கு வரி எழுத முயலும் மாணவருக்கு உதவாது. மாணவர் முதலில் எழுதக் கேட்கப்படுவதோ அந்நான்கு வரிகளைத்தான்.

‘இருக்கிறேன்’ என்னும் துணைவினை

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்னும் வகைத் தொடர் இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே பேசப்படுகிறது. நிசிம் எசகியேலின் ‘மிஸ் புஷ்பா’ பிரிவுபசாரக் கவிதை இத்தகைய தொடர்நிகழ்கால மிகுதியைக் கேலிப்பொருளாக்கியது. இதற்குத் தாய்மொழித் தாக்கமே காரணம் என்ற விடை உடனே சொல்லப்படுவதுண்டு. தமிழைப் பொறுத்தவரை அவ்விடை முழுமையாக நிற்கவில்லை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பதில் ‘கொண்டிரு’ இல்லை. ‘இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று அதனை நீட்டவும் முடியாது. தமிழின் நேரடித் தாக்கம் என்றால் இங்குத் தொடர்வடிவமே வந்திருக்கக்கூடாது. ‘இருக்கிறேன்’ என முடிந்தால் ‘ஆம் … இங்’ என்று அட்டவணை பழக்கியதும் ஒரு காரணமாகலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிற இந்திய மொழியினரிடமும் இவ்வழக்கு உள்ளமையால் இதனையே முழுக் காரணமாக்கவும் இயலாது.

மூன்றாம் வரியிலும் இத்தகைய கண்ணி உள்ளது. காலையில் எழுந்து ஈரத்தரையைக் கண்டவர் ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்பார். இங்குத் துணைவினை உணர்த்துவது ஊகத்தை. கண்முன் உள்ள தடயத்திலிருந்து பெற்ற அறிவை. அட்டவணைப்படி இது ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ ஆகிறது. ஆங்கில முற்று நிகழ்காலமோ முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோடு இயல்பாகச் சேராது. நான்காம் வரியைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. ‘பத்து ஆண்டுகளாக இங்கே வாழ்கிறேன்’ என்பதில் நீட்சியை ‘ஆக’ என்னும் உருபே சுமந்துவிடுவதால் வினைக்கு வேலை குறைவு. மாணவர் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதுகிறார். ‘வாழ்ந்துகொண்டு வந்திருக்கிறேன்’ என்ற செயற்கைத் தமிழை முதலில் படைத்து, பின்பு அதனை மொழிபெயர்க்கும்படி அவரிடம் கேட்பது எவ்வகைக் கற்பித்தல்?

அட்டவணையைத் திருத்தி அமைத்தல்

வடிவத்திற்கு வடிவம் என்னும் நிலையை விட்டுச் சூழலுக்குத் தொடர் என்னும் நிலையிலிருந்து தொடங்குவதே தக்கது. அன்றாட வழக்கத்தைக் குறிக்கும் ‘எழுவார்’, ‘நிற்கும்’ ஆகியவற்றையும் ‘தெரியும்’, ‘பிடிக்கும்’ ஆகியவற்றையும் ஆங்கிலச் சாதாரண நிகழ்காலத்தின் எதிரில் முதல் வரியிலேயே வைக்கலாம். அப்போது சிவப்புக் கோட்டுக்கு முன்பே மாணவருக்கு விளக்கம் கிடைத்துவிடும். ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்னும் வினாவுக்குத் தமிழர் ‘படிக்கிறேன்’ என்றே விடையளிப்பர். அவ்விடை ‘ஐ ஆம் ரீடிங்’ என்பதன் எதிரில் நிற்கவேண்டும். விடைபெறும்போது சொல்லும் ‘நாளை வருகிறேன்’ என்பதற்கும் ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’ என்பதே இணை. ஆங்கிலத்தில் ‘ஐ கம் டுமாரோ’ என்று சொல்லும் மாணவர், ‘வருகிறேன்’ என்பதன் எதிரில் அட்டவணை எழுதித் தந்ததைத்தான் சொல்கிறார்.